கவிழ்த்து வைத்த பதினேழு

ஆளே இல்லாத தியேட்டரில் எந்த இருக்கையில் உட்காருவது என்பது லேசான விஷயம் இல்லை. கூட்டம் இருந்தால் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து விடலாம். நூற்று எண்பது இருக்கையும் காலியாகக் கிடந்தால் எதில் உட்கார்ந்தாலும் தப்பான இடத்தில் உட்கார்ந்த மாதிரியே இருக்கும். ரிஜிஸ்டர் அக்கா கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்து ஓர இருக்கையைப் பிடித்தாள். எழுந்து ஓட வேண்டி வந்தால் நாலே எட்டில் வெளியே போய்விடலாம் என்பது கணக்கு.

அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக ஒரே ஆய்வகத்தில் பதிவேடு எழுதுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் முதல் தலைமைப் பேராசிரியர் வரை எல்லோருக்கும் அவள் ரிஜிஸ்டர் அக்காதான். பேராசிரியருக்கு அவளைவிடப் பதினைந்து வயது கூட. அவரும் அக்கா என்றுதான் சொல்வார். அச்சடித்த மாதிரி கையெழுத்து. அந்தக் கையெழுத்தில் என்ன எழுதியிருந்தாலும் உண்மை போலத் தெரியும், அதுதான் அதில் இருந்த சங்கடம்.

வேலை நாளில், மத்தியானம் மூன்று மணி ஆட்டத்துக்கு அவளை அனுப்பி வைத்ததே பேராசிரியர்தான்.

"நம்ம லேப்ல ஆறு நாள் வந்து உக்காந்து எடுத்த படம். ஓடலையாமே. இன்னையோட தூக்கிடறாங்களாம். நாளைக்கு கமிட்டி வருது, எனக்கு மூச்சு விட நேரமில்ல. நீங்க போய்ப் பாத்துட்டு வந்து எப்படி இருக்குன்னு சொல்லுங்க அக்கா. என்னை நல்லா காட்டியிருக்காங்களான்னு பாருங்க" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு, எப்போதும் கேட்பதைக் கேட்டார். "தம்பி எப்படி நடக்கிறான்?"

"நல்லா நடக்கிறான் சார்."

"அது போதும்" என்றார்.

கதவருகே ஒரு டார்ச் வெளிச்சம் அசைந்தது. டிக்கெட் கிழித்துக் கொடுத்த ஆள். நரைத்த தாடி, தோளில் தொங்கிப்போன சீருடைச் சட்டை. வாசலில் டிக்கெட்டை வாங்கியபோது அவளைக் கொஞ்ச நேரம் அதிகமாகவே பார்த்த மாதிரி இருந்தது. ஒருத்தி தனியாகப் படம் பார்க்க வந்தால் பார்க்கத்தான் செய்வார்கள் என்று விட்டுவிட்டாள்.

"ஒரு டிக்கெட்டுக்குப் படம் ஓட்ட மாட்டாங்க மேடம். ரெண்டு டிக்கெட்டாவது இருக்கணும். அது இங்க விதி" என்றார் அவர்.

அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. "அப்போ நான் கிளம்பட்டுமா?"

"வேணாம், வேணாம். இன்னொரு டிக்கெட்டு நானே எடுத்துட்டேன். வெள்ளிக்கிழமையிலேர்ந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நான் ஒண்ணு எடுக்கிறேன். நம்ம ரெண்டு பேர் ஆச்சு, ஓட்டிடுவாங்க."

"இந்தப் படத்தையா? அத்தனை தடவையா?"

"பதினாலாவது தடவை" என்று சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்தினார். உள்தாழ்ப்பாளையும் போட்டார். "திறந்திருந்தா வெளிச்சம் வரும்."

அதற்குள் போன் அடித்தது. தம்பி. ஒன்பது வருஷம் சக்கர நாற்காலியில் இருந்துவிட்டு எழுந்தவன். எழுந்த நாளிலிருந்து உட்கார மாட்டேன் என்று ஒரு வைராக்கியம். நின்றுகொண்டே சாப்பிடுவான், நின்றுகொண்டே டிவி பார்ப்பான், கல்யாண வீட்டுக்குப் போனாலும் சுவரோரம் நிற்பான். அக்கா அவனுக்குக் குதிரை என்று பேர் வைத்திருந்தாள்.

"அக்கா, மாத்திரை ரெண்டு நாளைக்குத்தான் இருக்கு. மறந்துடாதே."

"கொண்டு வரேன்டா குதிரை. வை. தியேட்டர்ல இருக்கேன்."

"வேலை நேரத்துல சினிமாவா? உன் பேராசிரியருக்குத் தெரியுமா?"

"அவர்தான் அனுப்பினார்."

"குடுத்து வச்சவ" என்று சொல்லி அவன் வைத்துவிட்டான். விளக்கு அணைந்தது.

அந்த மாத்திரை பேராசிரியருடையது. கால் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து, மனுஷனை நாற்காலியில் தள்ளிவிடும் ஒரு நோய்க்கு அவர் கண்டுபிடித்தது. அதற்காகக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வீடு கட்டவில்லை, ஆய்வகத்து மூலையில் ஒரு மடக்குக் கட்டிலைப் போட்டுக்கொண்டு கிடந்தார். அவரைக் கெட்டவர் என்று யாராவது சொன்னால் அக்கா இன்றைக்கும் சண்டைக்குப் போவாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் நாற்பது நோயாளிகளுக்கு அந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். முப்பத்தொன்றாம் எண், அவளுடைய தம்பி. அவர்தான் சேர்த்துக்கொண்டார், சிபாரிசு எதுவும் கேட்காமல்.

ஒவ்வொருவர் ரத்தமும் எண் ஒட்டிய சின்ன டியூபில் ஃப்ரீசருக்குப் போகும். அங்கே ஒரு பழக்கம் இருந்தது. யாராவது ஊர் மாறிப் போய்விட்டால், அல்லது வர முடியாது என்று சொல்லிவிட்டால், அவர்களுடைய டியூபைத் தாங்கியில் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார்கள். அதை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்று அர்த்தம். எங்கும் எழுதி வைத்த விதி இல்லை. எப்போதோ யாரோ சௌகரியத்துக்கு ஆரம்பித்தது. ஒரு பாவமும் அறியாத பழக்கம். பெட்டியைத் திறந்தவுடன் நிமிர்ந்திருப்பதை எண்ணினால் போதும், பதிவேட்டைப் புரட்ட வேண்டியதில்லை. பெட்டி சொல்வதை வைத்துத்தான் அக்கா பதிவேட்டில் 'தானாக விலகினார்' என்று எழுதுவாள்.

பதினேழாம் எண் ஒரு தையல்காரம்மா. தையல் மிஷினை மிதிக்கக் கால் வரவில்லை என்று வந்தவள். மாத்திரை வீட்டில் சாப்பிட வேண்டியது; வாரா வாரம் காலி அட்டைகளைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். மற்றவர்கள் பையில் கசக்கித் திணித்துக் கொண்டுவருவார்கள். தையல்காரம்மா மட்டும் அட்டைகளை அடுக்கி, நூலால் கட்டி எடுத்து வருவாள். அக்கா எண்ணி முடிப்பதற்குள், "எனக்கு எத்தனை மார்க்கு?" என்று கேட்பாள். மூன்றாம் மாதம் அவள் கால் மிஷினை மிதித்தது. அன்றைக்கு அக்காவுக்கு ஒரு கைக்குட்டை தைத்துக் கொண்டுவந்தாள்.

ஆறாம் மாதம் தையல்காரம்மாவின் கண்ணில் மஞ்சள் படர்ந்தது. உடம்பெல்லாம் அரிக்கிறது என்றாள். அக்கா அதைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, பேராசிரியரிடமும் ஓடிப் போய்ச் சொன்னாள்.

"வேற ஏதாவது மருந்து வாங்கிச் சாப்பிட்டிருப்பாங்க. ஒரு மாசம் பாப்போம்" என்றார் அவர்.

"மாத்திரையை நிறுத்திடலாமா சார்?"

"மூணு மாசத்துல கால் மிதிக்கிற ஒரே கேஸ் அக்கா அது. அதை நிறுத்தச் சொல்றீங்களா?"

ஏழாம் மாதம் கல்லீரல் போய் தையல்காரம்மா செத்துப்போனாள். அன்றைக்குப் பேராசிரியரே ஃப்ரீசரைத் திறந்தார். பதினேழை எடுத்தார், கவிழ்த்தார், தாங்கியில் வைத்தார். கை நடுங்கியதா என்று அக்கா பார்த்தாள். நடுங்கியது. ஆனாலும் கவிழ்த்தார். "தானாக விலகினார்னு எழுதுங்க" என்றார். அவள் எழுதினாள். அப்போது தம்பி முதல் முதலாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. அந்த வருஷ முடிவுக்குள் இதே மாதிரி நான்கு டியூப்கள் கவிழ்ந்தன.

மற்ற முப்பத்தாறு பேரின் சோதனை முடிவு உலகத்துக்குப் போனது. பாராட்டும் பரிசும் வந்தன. முப்பத்தாறு பேருக்கும் ஆய்வகமே மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்து வந்தது. நாளைக்குக் கமிட்டி வந்து பார்த்துவிட்டுச் சரி என்றால் மாத்திரை எல்லா ஆஸ்பத்திரிக்கும் போகும், குழந்தைகளுக்கும் கொடுப்பார்கள். அதற்கு ஒரு தாளில் அக்கா கையெழுத்துப் போட வேண்டும். 'பதிவேடு முழுமையானது, உண்மையானது' என்று இரண்டே வரி. தாள் அவள் மேஜை டிராயரில் மூன்று நாளாகக் கிடந்தது. கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பேராசிரியர் ஒளிவு மறைவில்லாமல் சொல்லியிருந்தார்.

"மருந்தையே தடை பண்ணிடுவாங்க. மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும், பத்து வருஷம். எனக்கு அவ்வளவு ஆயுசு இல்ல. உங்க தம்பிக்கு மாத்திரை இல்லாம எத்தனை மாசம் நிக்க முடியும்னு உங்களுக்கே தெரியும். நான் மிரட்டலை அக்கா. நீங்க யோசிக்கணும்."

மிரட்டியிருந்தால் தேவலை. ஒரு மனுஷன் அன்பாகவே கழுத்தைப் பிடித்தால் எந்தப் பக்கம் திமிறுவது? கையெழுத்துப் போட்டால் எங்கேயோ ஒரு குழந்தையின் கண் மஞ்சளாகும். போடாவிட்டால் குதிரை உட்கார்ந்துவிடும்.

திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தது. மெதுவான படம். பெரிய சண்டை இல்லை, பாட்டு இல்லை. ஒரு விஞ்ஞானி, ஒரு உதவியாளர், ஒரு நீளமான தாழ்வாரம். ஏன் ஓடவில்லை என்று கேட்கவே வேண்டாம். ஆனால் நடிகர் சொட்டுக்குழாயைப் பிடித்த விதம் சுத்தமாக இருந்தது. கட்டை விரலை எங்கே வைக்க வேண்டும் என்று நாலு மணி நேரம் மல்லுக்கட்டிச் சொல்லிக்கொடுத்தது அவள்தான். தன்னை மறந்து, "சபாஷ்" என்று முணுமுணுத்தாள்.

படம் எடுக்க வந்த பெண் ஒல்லியானவள், உள்ளங்கையிலேயே குறிப்பு எழுதுகிறவள். முதல் மூன்று நாள் கருவிகளைப் பற்றிக் கேட்டாள். நாலாம் நாள் ஃப்ரீசர் திறந்திருந்தபோது, "அந்த நாலு மட்டும் ஏன் தலைகீழா இருக்கு?" என்று கேட்டாள். பிறகு தேநீர் அறைக்குப் போனார்கள், அங்கே வேறு யாரும் இல்லை. மறுபடி ஒருவர் கேட்க மாட்டாரா என்று இத்தனை வருஷமாகக் காத்திருந்தவள் போல அக்கா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தையல்காரம்மாவை, கைக்குட்டையை, பொருள் வாங்க வந்த கணவனிடம் சொன்ன பொய்யை, எல்லாவற்றையும். கொட்டி முடித்ததும் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். "படத்துல வச்சுடாதேம்மா." "சத்தியமா வைக்க மாட்டேன்" என்றாள் அந்தப் பெண். வைக்கவில்லை என்று தன் கண்ணால் பார்த்துவிட்டுப் போகத்தான் அக்கா வந்திருந்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தது அந்தக் காட்சி.

விஞ்ஞானி ஃப்ரீசரைத் திறக்கிறார். பனி படர்ந்த டியூபை எடுக்கிறார். எண் பன்னிரண்டு என்று மாற்றியிருந்தார்கள், அவ்வளவுதான். கவிழ்க்கிறார், வைக்கிறார். கை நடுங்குகிறது. அதையும் விடவில்லை. சத்தியமாம், சத்தியம்! பேராசிரியருக்கு அவர் மருந்து. படம் எடுத்த பெண்ணுக்கு அவள் காட்சி. நல்லதாக ஒன்று கையில் கிடைத்துவிட்டால் இந்த மாதிரி ஜனங்களுக்குக் கண் தெரியாது என்று மனசுக்குள் திட்டினாள். ஆய்வகத்து ஆள் யார் பார்த்தாலும் போதும், சொன்னது யார் என்று தெரிந்துவிடும்.

எழுந்து போய்விடலாம் என்று பையை எடுத்தபோது அடுத்த காட்சி வந்துவிட்டது. உதவியாளர் தாங்கியை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறாள். கதவருகே ஒரு ஆள் நிற்கிறான். செத்துப்போனவளின் கணவன், அவள் பொருள்களை வாங்கிப் போக வந்தவன். ஒரு டியூபைக் காட்டிக் கேட்கிறான்: "இது மட்டும் ஏன் தலைகீழா இருக்கு?" உதவியாளர் கண் இமைக்காமல் சொல்கிறாள்: "கழுவி கவுத்து வச்சிருக்கு ஐயா."

கணவன் தலையாட்டுகிறான். வீட்டில் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைப்பதில்லையா? அவனுக்கு அது நியாயமாகப் படுகிறது. ஒரு துணிப்பையை வாங்கிக்கொண்டு போகிறான்.

அக்காவின் பக்கத்து இருக்கை கிறீச்சிட்டது. டிக்கெட் கிழிப்பவர் வந்து உட்கார்ந்திருந்தார். டார்ச் அணைந்து மடியில் கிடந்தது. அவர் திரையைப் பார்த்தபடியே பேசினார்.

"வெள்ளிக்கிழமை முதல் ஆட்டம். கதவுகிட்ட நின்னுக்கிட்டிருந்தேன். இந்த இடம் வந்ததும் டார்ச்சைக் கீழே போட்டுட்டேன். கண்ணாடி உடைஞ்சுது."

அக்கா பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு எனக்குத் தாடி கிடையாது. லாரி ஓட்டிக்கிட்டிருந்தேன். உங்களுக்கு அடையாளம் தெரியலை. எனக்கு உங்களை வாசல்லயே தெரிஞ்சுது." அவர் மெல்லத் திரும்பினார். "அது கழுவி கவுத்து வச்சதா மேடம்?"

கதவு நாலு எட்டில்தான் இருந்தது. தாழ்ப்பாளும் சின்னத் தாழ்ப்பாள்தான். அவர் அவளைப் பிடித்து வைக்கவில்லை. கையை நீட்டினால் திறந்துகொண்டு போய்விடலாம். அக்காவால் எழுந்திருக்க முடியவில்லை. அந்த மாத்திரை கொஞ்சம் தனக்கும் வேண்டும் போலிருக்கிறது என்று அந்த நேரத்திலும் ஒரு பைத்தியக்கார நினைப்பு வந்து போனது.

"இல்லை" என்றாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். மடிப்புகளில் கிழிந்து, ஒட்டுப் போட்டிருந்த நகல். திரையின் வெளிச்சத்தில் அக்காவுக்குத் தன் கையெழுத்து தெரிந்தது. எண் பதினேழு. ஏழாம் மாதம். தானாக விலகினார்.

"அவ போனதும் கேஸ் பேப்பர் கேட்டேன், இதைக் குடுத்தாங்க. விலகினார்னா என்னன்னு கவுன்ட்டர்ல கேட்டேன். மருந்தை அவங்களே நிறுத்திட்டாங்கன்னு அர்த்தம்னாங்க. நான் மாசத்துல ரெண்டு நாள்தான் வீட்டுல இருப்பேன். கசக்குது, அரிக்குதுன்னு போன்ல சொல்லுவா. சரி, எனக்குத் தெரியாம விட்டுட்டா, அதான் செத்துட்டான்னு நெனச்சேன்." அவர் தாளை மடியில் வைத்துத் தடவி விட்டார். "ஆறு வருஷமா அவமேல கோபம் மேடம். கால் வந்துக்கிட்டிருந்துது, இப்படிப் பண்ணிட்டாளேன்னு. அவ போட்டோவைச் சுவத்துல மாட்டவே இல்லை. பொண்ணு கேட்டா, உங்க அம்மாவுக்கு உன்னைவிட அவ நாக்குதான் பெருசு, கசப்பு பொறுக்க மாட்டான்னு சொல்லியிருக்கேன். எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன்."

அக்கா குனிந்து தாளைப் பார்த்தாள். இரண்டே வார்த்தை. எண்ணிக்கையிலிருந்து ஒரு டியூபை எடுக்க எழுதியது. அது ஒரு வீட்டுக்குள் போய் ஆறு வருஷம் உட்கார்ந்து ஒருத்தியைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். கேஸ் எல்லாம் போட மாட்டேன். அவ மாத்திரையை விட்டாளா, இல்லையா?"

"விடலை" என்றாள் அக்கா. "ஒரு வேளைகூட விடலை. நான்தான் எண்ணினேன். அட்டையை அடுக்கி நூல் கட்டிக் கொண்டுவருவாங்க. எனக்கு எத்தனை மார்க்குன்னு கேப்பாங்க. கடைசி வாரம் ஆஸ்பத்திரி கட்டில்லேர்ந்துகூடக் கொடுத்தனுப்பினாங்க. பதினாலும் காலி."

அவர் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு மலர்ச்சியை அந்த முகத்தில் அவள் எதிர்பார்க்கவில்லை. "மார்க்கா கேட்டா? கேப்பா, கேப்பா. என்கிட்டயும் கேப்பா" என்றார். சிரித்தார். சிரிப்பு அப்படியே பாதியில் நின்றது.

"போன்ல நான்தான் சொல்லுவேன்" என்றார் பிறகு. "அரிக்குதுன்னு அவ சொல்றப்பெல்லாம், பல்லைக் கடிச்சுக்கிட்டு சாப்பிடு, ஒரு வேளைகூட விடாதேன்னு. நான் சொன்னதாலதான்..."

"இல்லைங்க."

"நான் சொன்னதாலதானே சாப்பிட்டா."

"இல்லைங்க அண்ணா!" அவள் குரல் காலி அரங்கில் சத்தமாகக் கேட்டது. "உங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். ஆறாம் மாசமே கண்ணு மஞ்சளாச்சு. நான் பார்த்தேன், என் கையால எழுதினேன். அன்னைக்கே நிறுத்தியிருந்தா பிழைச்சிருப்பாங்க. அடுத்த வாரம் வந்து, சாப்பிடலாமான்னு என்னைக் கேட்டாங்க. சாப்பிடுங்கன்னு சொன்னது நான். என் தம்பி எழுந்து நின்ன நேரம் அது. மருந்து கெட்டதுன்னு என் வாயால சொல்ல எனக்கு மனசு வரலை."

இதைப் படம் எடுத்த பெண்ணிடம்கூட அவள் சொன்னதில்லை. சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, ஆறு வருஷமாகத் தொண்டையில் இருந்தது பேராசிரியர் இல்லை, இதுதான் என்று. அவர் அடிப்பார் என்று நினைத்தாள். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தாள். திரையில் யாரோ தாழ்வாரத்தில் நடந்துகொண்டே இருந்தார்கள்.

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். டார்ச்சைப் போட்டு, தாளைத் தன் முழங்கால்மேல் விரித்துப் பிடித்தார்.

"இதுக்குக் கீழேயே எழுதுங்க. இப்ப சொன்னதை. என் பொண்ணு நான் சொன்னா நம்ப மாட்டா. இந்தக் கையெழுத்தைத்தான் நம்புவா."

அக்கா பேனாவை வாங்கினாள். இது மகளுக்கு மட்டும் போகிற தாள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். வெளியே போனால் இது ஊரெல்லாம் போகும். கமிட்டிக்குப் போகும். ஆய்வகத்தைப் பூட்டுவார்கள். மடக்குக் கட்டிலில் முப்பது வருஷம் படுத்த ஒரு மனுஷன் எழுந்து எங்கே போவார்? அவளுக்கு வேலை போகும், அதற்கு மேலும் போகலாம். அதெல்லாம்கூட ஒரு பக்கம். ரெண்டு நாளைக்குத்தான் மாத்திரை இருக்கு என்றான் தம்பி. ரெண்டு நாளைக்கு மேல் அவளால் கொண்டுபோக முடியாது.

பேனா முனை தாளைத் தொட்டு நின்றது. இரண்டு தடவை எடுத்தாள், இரண்டு தடவை வைத்தாள். அவர் அவசரப்படுத்தவில்லை. டார்ச்சைப் பிடித்த கை மட்டும் ஆடாமல் இருந்தது. அக்காவுக்கு ஏனோ நூல் கட்டிய அட்டைகள் ஞாபகம் வந்தன. முடிச்சை அவிழ்க்கும்போது ஒவ்வொரு வாரமும் திட்டுவாள், இவ்வளவு இறுக்கமாகவா கட்டுவது என்று.

எழுதினாள். எண் பதினேழு தானாக விலகவில்லை. கடைசி நாள் வரை ஒரு வேளையும் தவறாமல் மருந்து சாப்பிட்டார். மருந்தால் கல்லீரல் கெட்டு இறந்தார். ஆறாம் மாதமே அறிகுறி தெரிந்தும் நாங்கள் நிறுத்தவில்லை. ஐந்து, இருபத்திரண்டு, முப்பத்தெட்டு எண்களும் இப்படியே. கீழே, சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கும் அந்தப் பெயரை முழுசாக எழுதி, தேதி போட்டாள். கையெழுத்து அச்சடித்த மாதிரிதான் வந்தது.

அவர் ஊதி, மை காய்ந்ததா என்று பார்த்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நன்றி என்று சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் திறந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாயங்கால வெளிச்சம் உள்ளே வந்து விழுந்தது. படம் இன்னும் முடியவில்லை.

"வீட்டுக்குப் போனதும் முதல் வேலை போட்டோவை மாட்டணும்" என்றார், யாரிடமோ சொல்வது போல. "ஆணி இருக்கான்னு தெரியலை."

வெளியே வராந்தாவில் சுவரொட்டியை ஏற்கெனவே பாதி கிழித்திருந்தார்கள். அக்கா படியில் நின்று போனை எடுத்தாள். தம்பியின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது.

"என்னக்கா, படம் முடிஞ்சுதா? எப்படி இருந்துது?"

"டேய். வீட்டுலதானே இருக்கே?"

"எங்கே போவேன்? ஜன்னல்கிட்ட நிக்கிறேன். ஏன் உன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மாத்திரை விஷயம். நீ முதல்ல உக்காந்துக்கோ."

அவன் சிரித்தான். ஆறு வருஷமாக ஆயிரம் தடவை கேட்ட அதே சிரிப்பு.

"உக்கார்றதா? அதெல்லாம் ஒன்பது வருஷம் உக்காந்தாச்சுக்கா. நின்னுக்கிட்டே கேக்கிறேன், நீ சொல்லு."